கட்டிக்கொண்ட பாரம்

புல்-அப் எடுக்கும்போது எடை கட்டித் தொங்கவிடுவதற்கென்றே ஒரு பெல்ட் இருக்கிறது. டிப் பெல்ட் என்பார்கள். பளு தூக்குகிறவர்கள் வயிற்றை இறுக்கிக் கட்டுகிற பெல்ட் வேறு. இதை இறுக்கவே கூடாது. இடுப்பெலும்பின் மேல் சற்றுத் தளர்வாக உட்கார்ந்து, முன்னால் தொங்கும் சங்கிலியையும் அதில் கோத்த இரும்புத் தட்டையும் தாங்கினால் போதும். ஐம்பதைத் தாண்டியவனுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். அதற்குப் பதில் இருந்தது. மேல்வீட்டு சேட்ஜி கேட்டதற்குத்தான் இல்லை.

"இருக்கிற பாரத்தைக் கழிக்கத்தானே சார் பிறவி எடுத்திருக்கோம்? நீங்க காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்கிறீங்களே?"

சேட்ஜிக்குப் பெங்களூரு சிக்பேட்டையில் ஜவுளிக்கடை. சுவேதாம்பர ஜைனர். பர்யுஷண் வந்தால் எட்டு நாளும் காய்ச்சிய தண்ணீர் மட்டும்தான், அதுவும் பொழுது சாய்வதற்குள். அவருடைய சமயத்தில் கர்மம் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. உயிரின் மேல் உண்மையிலேயே ஒட்டிக்கொள்ளும் நுண்பொருள். உயிரின் இயல்பு மேலே போவது. மண் பூசிய சுரைக்குடுக்கை தண்ணீரில் அமிழும், மண் கரையக் கரைய மேலே வரும் என்று அவர்களுடைய பழைய நூல்களே சொல்கின்றன. அப்படி நம்புகிறவருக்கு, கம்பியைப் பிடித்து மேலே ஏறப் பார்க்கிறவன் காலிடுக்கில் இரும்பைத் தொங்கவிடுவது விநோதமாகத்தானே இருக்கும்?

என் பெல்ட் தோல். எனக்குச் சொந்த ஊர் வாணியம்பாடிப் பக்கம் என்பதால் தோலில் கொஞ்சம் பட்சபாதம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நியோப்ரீன் பெல்ட் முதல் நாளிலிருந்தே மெத்தென்று இருக்கும், ஆனால் எடை ஏற ஏற இழுபடும். தோல் சில வாரம் முரண்டு பிடித்துவிட்டுப் பிறகு இடுப்புக்குப் படியும். பின்புறம் உள்ளங்கை அகலமாவது வேண்டும். குறுகலாக இருந்தால் பாரம் எலும்பை ஒரு கோடாக அறுக்கும். கூடவே வந்த சங்கிலி மெல்லியதாக இருந்ததால் எஸ்.பி. ரோட்டில் வேறு வாங்கினேன். கொக்கிதான் முக்கியம். மலையேறுகிறவர்களின் கொக்கியில் எத்தனை கிலோ நியூட்டன் தாங்கும் என்று பொறித்திருக்கும். அதே உருவத்தில் சாவிக்கொத்துக்கு விற்பதும் உண்டு, அதை நம்பக் கூடாது. சங்கிலியைக் குட்டையாகப் பிடித்துத் தட்டு முழங்காலுக்கு மேலேயே நிற்கும்படி மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊஞ்சலாடும். வெறும் உடம்போடு பத்துப் பன்னிரண்டு சுத்தமாக எடுக்க வராதவர் இதைத் தொட வேண்டாம். வந்தவரும் இரண்டரை இரண்டரை கிலோவாகக் கூட்டினால் போதும். முடித்ததும் கீழே குதிக்கக் கூடாது. ஸ்டூலில் கால் வைத்துத்தான் இறங்க வேண்டும்.

இதைத் தவம் என்று சொல்லிக்கொள்ளும் ஆட்கள் ஜிம்மில் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. கீதையின் 17ஆம் அத்தியாயம் தவத்தை மூன்றாகப் பிரிக்கிறது: பலன் கருதாதது, பெயருக்கும் மதிப்புக்கும் செய்வது, மூடப் பிடிவாதத்தில் உடம்பை வதைப்பது. ஜிம்மில் மாட்டியிருக்கிற கண்ணாடிகள் எல்லாம் இரண்டாவதற்கு. சேட்ஜி சொல்லும் பாகுபலி முனிவர் கதையும் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. ஓராண்டு அசையாமல் நின்று, காலில் கொடி படர்ந்த பிறகும் ஞானம் வரவில்லை. தங்கைகள் பிராமியும் சுந்தரியும் வந்து, அண்ணா, யானையை விட்டு இறங்கு என்றார்களாம். யானை என்றது அவன் செருக்கை. சிரவணபெளகொளாவில் சாமுண்டராயன் 981இல் நிறுத்திய சிலையின் காலிலும் அந்தக் கொடி இருக்கிறது. யானையைச் செதுக்க முடியாது, பாவம் சிற்பி!

எனக்குச் சிக்கல் வேறிடத்தில். வினை உதிர்வதில் ஜைனர்கள் இரண்டு வகை சொல்வார்கள். தெரிந்து, விரும்பித் துன்பம் ஏற்று உதிர்ப்பது சகாம நிர்ஜரை. வேறு வழியின்றிப் பட்டு உதிர்வது அகாம நிர்ஜரை. முன்னதற்கே மதிப்பு அதிகம். யஷ்வந்தபுர யார்டில் 50 கிலோ வெங்காய மூட்டையை லாரியிலிருந்து இறக்கும் ஹமாலியைப் பார்த்துக்கொண்டு இதை என்னால் ஒப்ப முடியவில்லை. அவர் பாரம் மேலிருந்து முதுகெலும்பை அமுக்குகிறது; என் பாரம் கீழிருந்து அதை நீட்டத்தான் செய்கிறது. நான் எந்த நொடியிலும் கொக்கியைக் கழற்றலாம், அவர் லாரி காலியாகும்வரை நிறுத்த முடியாது. அவர் பாரத்தால் ஒரு வீட்டில் உலை கொதிக்கிறது, என்னுடையதால் எதுவும் கொதிக்கவில்லை. ஆனால் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைக்கும்போது, எந்த இடத்தில் வைத்தால் கழுத்து தாங்கும் என்று இரண்டு விரலால் தடவிப் பார்க்கிறாரே, அதில் விருப்பம் இல்லையா? பெல்ட்டைக் கட்டும்போது நான் எலும்பைத் தேடுகிறதும் அப்படித்தான். உள்ளே போய் யார் எதை விரும்பிச் சுமக்கிறார் என்று பிரித்து எடை போடுவது யார்?

எங்கள் பக்கத்துச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் இருக்கும். வாலாஜா பக்கத்தில் சுமைதாங்கி என்றே ஓர் ஊர் உண்டு. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல். தலைச்சுமையைக் குனியாமல் அப்படியே நகர்த்தி வைக்கும் உயரம்; திரும்ப ஏற்றிக்கொள்ளவும் கூட ஆள் வேண்டாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். வழிப்போக்கர் ஒவ்வொருவர் இறக்கி வைக்கும்போதும் அவள் பாரம் கொஞ்சம் குறையும் என்று நம்பிக்கை. கட்டாயத்தில் சுமந்தாயா, ஆசைப்பட்டுச் சுமந்தாயா என்று அந்தக் கல் விசாரிப்பதில்லை. புண்ணியத்தை எங்கள் ஊர்க்காரர்கள் சுமப்பதில் தேடவில்லை, இறக்கி வைக்க இடம் கொடுப்பதில் தேடினார்கள். விரும்பிச் சுமப்பதா, விதியால் சுமப்பதா என்ற தராசைவிட எனக்கு இது சரியாகப் படுகிறது. கைகள் சோர்ந்து நான் கம்பியில் தொங்கும்போது, கேட்காமலே குனிந்து தட்டைக் கீழிருந்து ஏந்தும் பையன் ஒருவன் எங்கள் ஜிம்மில் இருக்கிறான். எடுத்த புல்-அப்பில் அவனுக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

சேட்ஜியிடம் கல்லைப் பற்றிச் சொன்னேன். "நல்ல காரியம். ஆனா இறக்கி வெச்சவனுக்குத்தான் பாரம் குறையும், அந்தப் பொண்ணுக்குக் குறையாது. ஒருத்தர் கர்மத்தை இன்னொருத்தர் கழிக்க முடியாது சார்."

"அப்படின்னா எட்டு நாள் விரதம் முடிஞ்சு பார்ணா அன்னிக்கு, முதல் வாய் ஆகாரத்தை நீங்களே எடுத்துக்கலாமே சேட்ஜி? சொந்தக்காரங்க எல்லாம் எதுக்கு வரிசையில நின்னு ஊட்டறாங்க?"

"அது அனுமோதனை. அடுத்தவர் தவத்தைப் பார்த்து மனசு நிறைஞ்சா, நிறைஞ்சவருக்கும் புண்ணியம் உண்டு. ஆனா லெட்ஜர் தனித்தனி."

லெட்ஜர் தனித்தனியாக இருந்தால் ஸ்பூனும் தனித்தனியாக இருந்திருக்குமே என்றேன். கடைக்கு நேரமாகிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.