பேச்சுத் திறனும் பேசும் உரிமையும்

1945 இல் இலவசக் கல்வியும் ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிப் போதனையும் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது, உழைப்பவன் பிள்ளைக்கும் இனிப் பேச வாய் கிடைக்கும் எனப் பலர் நம்பினர். ஆயினும் உத்தியோகத்தின் வாயிலில் ஆங்கிலமே நின்றது. சிங்கள மாணவர் அதற்கிட்ட பெயர் 'கடுவ'. வாள் என்பது பொருள். வெட்டுண்டவர் வைத்த பெயர்!

2009 ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆண்டெனப் பிரகடனஞ் செய்த அரசு, ஆங்கிலத்தை 'வாழ்க்கைத் திறன்' ஆகக் கற்பிக்க முற்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆயின், யாருடன், எதற்காகப் பேசும் திறன்? நேர்முகப் பரீட்சையிற் பணிவாக விடை பகர்வதும், முதலாளியின் கட்டளையைப் பிழையற விளங்கிக்கொள்வதும் மட்டுமே தொடர்பாடல் ஆகுமா? தாய்மொழியிலேயே "ஏன்?" எனக் கேட்க அஞ்சும் பிள்ளை பிறமொழியில் எதைக் கேட்கும்?

மலையகத் தோட்டத்துப் பிள்ளை வீட்டுத் தமிழிற் பேசினால், ஆசிரியராகிய நாமே சிரித்துத் திருத்துகிறோம். (நம்முள் எவர் வீட்டில் இலக்கணத் தமிழ் பேசுகிறார் என்பது வேறு கதை.) அப்பிள்ளை பின்னர் வாய் திறப்பதில்லை. அரசு வழங்கும் நூலும் ஒலிக்கருவியும் அந்த மௌனத்தைக் கலைக்கமாட்டா.

நாற்பது நிமிடப் பாடவேளை, நாற்பது பிள்ளைகள் எனக் கொள்வோம். ஆசிரியர் ஒரு சொல்லும் பேசாதிருப்பினும் தலைக்கு ஒரு நிமிடமே கிட்டும். வகுப்பைச் சிறிதாக்க ஆசிரியரை நியமியுங்கள் என்றே அரசிடம் நாம் முதலிற் கேட்கவேண்டும். கருவிகள் பிறகு வரட்டும்.