ரேகை வைத்தவர்கள் வீட்டு மௌனம்

குடும்ப ரகசியம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வீட்டில் யாரோ செய்த தப்பு. ஒரு தப்பும் செய்யாதவர்களும் ரகசியம் காக்கிறார்கள். அது ஏன் என்பதுதான் என் கேள்வி.

காளவாசலிலிருந்து தேனி ரோட்டில் போய்த் திரும்பினால் கீழக்குயில்குடி. சமணர் மலை பார்க்க, தாமரைக் குளத்தருகே போட்டோ எடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நாமெல்லாம் போகிற ஊர். 1914-ல் பிரமலைக் கள்ளர்கள் மேல் குற்றப் பரம்பரைச் சட்டம் பாயத் தொடங்கியது இந்த ஊரில்தான். சனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். பலர் ராத்திரியில் போலீஸ் கண்ணெதிரே படுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வேண்டும். திருடியதற்காக இல்லை, அந்தச் சாதியில் பிறந்ததற்காக. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது. சட்டம் ஒழிந்தது 1947-ல்.

எங்கள் அப்பத்தாவின் அய்யா ரேகை வைத்தவர். அப்பத்தா இதை என் அப்பாவிடம் சொன்னதே இல்லை. ஏன் என்று கேட்டேன். "படிக்கிற புள்ளைக்கு அது என்னத்துக்குடா?"ன்னு சொல்லுச்சு.

அந்தப் பதிலில் இருப்பது பாசம்தான். பள்ளிக்கூடத்தில் மகன் தலைநிமிர்ந்து உட்கார வேண்டுமென்று ஒரு தாய் வாயை மூடிக்கொண்டால், அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் மௌனம் காரணத்தைத்தான் மறைக்கிறது, பயத்தை மறைப்பதில்லை. காக்கிச் சட்டையைப் பார்த்தால் அப்பாவின் குரல் தாழ்ந்துவிடும். ஏனென்று அவருக்கே தெரியாது. காரணம் தெரியாத பயத்தை நாம் நம் குணம் என்று எடுத்துக்கொள்கிறோம். சர்க்கார் செய்த குற்றம் இப்படித்தான் நம் வீட்டு வெட்கமாகிறது.

ஆகவே ஒரு ரகசியத்தைக் காக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதில் வெட்கப்பட வேண்டியவர் யார்? நம்ம வீட்டு ஆள் என்றால், சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம். வெட்கப்பட வேண்டியவன் வெளியே இருந்தால், நாம் காத்துக்கொண்டிருப்பது அவனுடைய ரகசியத்தை.

முழுசாக மறைக்க அந்தக் காலத்து ஆட்களாலும் முடியவில்லை. இந்தச் சட்டத்தை எதிர்த்து நின்ற மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப் கோட்டில் ரோஜா குத்தியிருப்பார். அவரை ரோசாப்பூ துரை என்றார்கள், பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பேர் வைத்தார்கள். பட்ட அவமானத்தைச் சொல்ல வாய் வராதவர்கள், துணைக்கு நின்றவரைப் பேரிலாவது விட்டுப் போனார்கள். "ஏன் இந்தப் பேரு?" என்று பேரப்பிள்ளை கேட்டால், முழுக் கதையையும் சொல்வதும் பாசம்தான்.