எலும்பைத் தேடுவது பொறுமையின்மையா?



1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். தடயத்தை மறைக்க, சில மாதங்களுக்குள் கொலைகாரர்களே புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். அதனால் ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் கிடைத்தன. உறவினர்களின் இரத்தத்தோடு டிஎன்ஏ ஒப்பிட்டுத்தான் பலருடைய பெயரைச் சொல்ல முடிந்தது.

ஒரு தாய்க்கு மகனின் ஓர் எலும்பு மட்டும் கிடைக்கிறது. இப்போதே அடக்குவதா, மீதிக்காகக் காத்திருப்பதா? "ஷஹீதாகிவிட்டார், ஸப்ர் செய்யுங்கள், எலும்பில் என்ன இருக்கிறது?" என்று நம்மில் சிலர் சொல்லிவிடுவோம். நமக்கென்ன, சொல்வது எளிது.

உஹதில் ஷஹீதான தம் தந்தை இன்னொருவரோடு ஒரே கப்ரில் இருப்பதை ஜாபிர் (ரலி) அவர்களின் மனம் ஏற்கவில்லை. ஆறு மாதங்களுக்குப் பின் வெளியே எடுத்துத் தனியாக அடக்கினார்கள். புகாரியில் வரும் செய்தி இது. தந்தையின் அந்தஸ்தில் அவர்களுக்குச் சந்தேகமா இருந்தது? ஸஹாபிக்கு ஸப்ர் தெரியாதா?

மரணம் உறுதியாகத் தெரிந்தால், உடலின் ஒரு பகுதி கிடைத்தாலும் கபனிட்டு, ஜனாஸா தொழுது அடக்க வேண்டும் என்பதே நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஆகவே அந்த ஓர் எலும்புக்கும் முழு ஜனாஸாதான். மனம் வராமல் காத்திருக்கும் தாயையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு ஜூலை 11லும் பொடோச்சாரியில், புதிதாக அடையாளம் காணப்பட்டவர்களை அடக்குகிறார்கள். பிறகு கிடைக்கும் எலும்புகளைச் சேர்ப்பதற்காக, முன்பே மூடிய கப்ருகளையும் அங்கே திறக்கிறார்கள்.

யா அல்லாஹ், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களுக்குக் கிடைக்கச் செய்வாயாக. ஆமீன்.