மகிழ்ச்சிக்கும் வேலி உண்டு

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வானகரத்தைக் கடப்போர், முகூர்த்த நாள் இரவுகளில் திருமண மண்டப வாயில்களில் சரவெடி முழங்குவதைக் கேட்டிருப்பர். அத்தகைய மாப்பிள்ளை ஊர்வலம் ஒன்றில் நானும் நடந்தேன். மணமகன் என் உறவினர். இரவு 11 மணியைத் தாண்டியிருந்தது. அண்டை வீட்டு மாடியில் ஒரு தாய், வீறிட்டழும் கைக்குழந்தையின் காதுகளைப் பொத்தியவாறு நின்றாள். எங்களை ஏசவில்லை, பார்த்தாள், அவ்வளவே. விருந்துண்ட வாய்க்கு அந்தப் பார்வை கசந்தது.

பட்டாசே பொல்லாதது என்பதன்று நம் வாதம். சிவகாசி வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே சோறு. நாகூர்க் கந்தூரியின் வாணவேடிக்கையைக் காணத் தந்தையின் தோளேறியவர்கள் நம்மிலும் உண்டு. ஆனால் அது ஊரறிந்த நாள். விரும்புவோர் வருவர், விரும்பாதோர் விலகியிருப்பர். தனி வீட்டு வெடியோ முன்னறிவிப்பின்றி நோயாளியின் தலைமாட்டில் அதிர்கிறது. அழைப்பிதழ் அனுப்பாத வீட்டுக்கும் ஓசையை மட்டும் தவறாமல் அனுப்பிவைக்கிறோம்!

சட்டம் வாளாவிருக்கவில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசை எழுப்பும் வெடிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. 2018 முதல் தமிழக அரசு தீபாவளிக்கே காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று வரையறுத்தது.

“வாழ்வில் ஒரு நாள், பொறுத்துக்கொண்டால் என்ன?” என்பர். பொறுமை நற்குணமே. ஆயினும் அது பொறுப்பவர் மனமுவந்து ஈயும் கொடை; வெடிப்பவர் வசூலிக்கும் வரியன்று. மேலும், நமக்குத்தான் அது வாழ்வில் ஒரு நாள். மண்டபத்தருகே குடியிருப்பவருக்கோ முகூர்த்தந்தோறும் அந்நாள்.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், தீபாவளியன்றும் பட்டாசு வெடிப்பதில்லை. கூடு கட்ட வந்த பறவைகள் அஞ்சிப் பறந்துவிடலாகாது என்பதே காரணம். காவலர் எவரும் தடியுடன் நின்று அவர்களைத் தடுக்கவில்லை. வலசை வந்த பறவைக்குக் கிட்டும் பரிவு, அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கிட்டலாகாதா?

நம்மால் அண்டை வீட்டாருக்குத் தீங்கு நேராதிருப்பதை ஈமானோடு இணைத்தே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பிறர் பண்டிகையைக் குறை கூறுமுன் நம் நிக்காஹ் ஊர்வலத்தை எண்ணிப் பார்ப்போம். அடுத்த முறை மண்டபம் பேசும்போதே, வெடி வேண்டாம் என்பதையும் பேசி முடித்துவிடுவோம்.