கருப்பை வாயில் ஒரு சிறு சிகிச்சை

கருப்பை வாயில் மாறிய திசுவைச் சீவி எடுக்கும் ‘லீப்’ செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் மனம் நேரே புற்றுநோயிடம் ஓடுகிறது. உடல் அங்கே போய்ச் சேராமல் தடுக்கத்தான் இந்தச் சிகிச்சை. எச்.பி.வி. வைரஸ் நெடுநாள் தங்கியதால் மாறத் தொடங்கிய செல்கள் புற்றாக முற்றப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகள் நமக்குக் கிடைத்த அவகாசம்.

*

நம் உடம்பில் நாமே பார்த்திராத இடம் கருப்பை வாய். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை அங்கே தடவுகிறார்கள். சற்று நேரத்தில், இளஞ்சிவப்புப் பரப்பில் மாறிய பகுதி மட்டும் வெளுத்துத் தெரிகிறது. எங்கே, எவ்வளவு எடுப்பது என்று அந்த வெண்மையே காட்டிக்கொடுக்கிறது.

*

மரத்துப்போக ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும். மருந்தில் அட்ரினலின் கலந்திருந்தால் சில நிமிடம் நெஞ்சு படபடக்கலாம், கால் நடுங்கலாம். முன்பே தெரிந்திருந்தால் அந்த நடுக்கத்தை நடுங்கவிட்டு மூச்சைக் கவனிக்கலாம். மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையம் திசுவைச் சீவி எடுக்கச் சில நொடிகள் போதும். கருகல் வாசனை வரலாம். எல்லாம் சேர்ந்து இருபது நிமிடத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

*

அடிவயிறு அன்று மாதவிடாய் நாள்போல வலிக்கும். இரத்தம் நிற்கப் பூசிய மருந்து, காபித்தூள் கசடுபோலக் கறுப்பாக வெளியேறும், பயம் வேண்டாம். நான்கு வாரம் உறவும் நீச்சலும் கூடாது. தண்ணீர்க் குடத்தைச் சில நாள் வீட்டில் வேறு யாராவது தூக்கட்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

*

இனிக் குழந்தை பிறக்குமா? கேட்கத் தயங்கும் கேள்வி இது. கருத்தரிப்பதை இது பொதுவாகத் தடுப்பதில்லை. குறைப்பிரசவ வாய்ப்பு மட்டும் சற்றுக் கூடலாம். ஆகவே பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் இதை மறைக்கக் கூடாது.

*

முன்பே கண்டுபிடித்தால் பலன் உண்டா? திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் தந்தார்கள். சோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றால் நேர்ந்த இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. அந்த எண்ணுக்குள் எத்தனை அம்மாக்கள்!

*

எடுத்த திசுவின் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்தில் மறுபரிசோதனைக்கு வரச் சொன்னால் போங்கள். வலியில்லை என்பதற்காக அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.