வாட்ச் யாருக்கு வாட்ச்மேன்?

புது ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாமா, வேண்டாமா? கையில் இருப்பதை எக்ஸ்சேஞ்ச்சில் தள்ளிவிட்டு அடுத்த மாடலுக்குப் போகலாமா? இதைவிடச் சின்னக் கேள்வி இருக்க முடியாது என்று நினைப்பீர்கள். இதில் தத்துவம் பேச என்ன இருக்கிறது? கடைக்குப் போனோமா, கட்டிப் பார்த்தோமா, கார்டைத் தேய்த்தோமா, வந்தோமா!

ஆனால், அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டவர்கள் படுகிற பாட்டைப் பாருங்கள். ராத்திரி ஒரு மணி வரை வீடியோ வீடியோவாகப் பார்க்கிறார்கள். இந்த மாடலில் பேட்டரி, அந்த மாடலில் திரை என்று கட்டம் போட்டு ஒப்பிடுகிறார்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போதுகூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் பிறகு முடிவு மட்டும் வருவதில்லை.

ஏன் தெரியுமா? கேள்வியே தப்பு. ‘புதுசுல என்ன இருக்கு?’ என்று கேட்கிறோம். அதற்குப் பதில் சொல்ல கம்பெனிக்காரர் பளபளவென்று படம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ‘எனக்கு இது எதுக்கு?’ என்ற கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டம்.

நம் அப்பாக்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிஸனோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கைகோத்து 1984-ல் டைட்டனைத் தொடங்க, ஓசூரில் தொழிற்சாலை வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினால் ஒரு வாட்ச், கல்யாணத்துக்கு மாமனார் போடுகிற ஒரு வாட்ச். ஆயுசுக்கே ரெண்டுதான். வார் அறுந்தால் வார் மாற்றினார்கள். கண்ணாடி கீறினால் கண்ணாடி மாற்றினார்கள். எச்.எம்.டி.யின் வாட்ச் தொழிலை மூட 2016-ல் அரசு முடிவெடுத்துவிட்டது. ஆனால், சாவி கொடுத்தால் இன்றைக்கும் ஓடுகிற எச்.எம்.டி.கள் எத்தனையோ வீட்டு பீரோக்களில் இருக்கின்றன.

அவர்களுக்கெல்லாம் ஆசையே இல்லை என்று அர்த்தமில்லை. அந்த வாட்ச்சுக்கு ஒரே வேலை, மணி சொல்வது. அதைச் சரியாகச் செய்தால் விவகாரம் முடிந்தது. இன்றைய வாட்ச்சுக்கு வேலை முடிவதே இல்லை. வருஷா வருஷம் ஒரு புது வேலையைக் கற்றுக்கொண்டு வருகிறது. அதனால் நம் கையில் இருப்பது வருஷா வருஷம் ‘பழசு’ ஆகிறது.

பி.காம். படித்தவர்களுக்குத் தேய்மானம் என்றொரு பாடம் உண்டு. ஒரு பொருள் எத்தனை வருஷம் உழைக்கும் என்று மதிப்பிட்டு, வருஷத்துக்கு இவ்வளவு என்று அதன் மதிப்பைக் கழிக்க வேண்டும். ஸ்மார்ட்வாட்ச் விஷயத்தில் அந்த ஆயுளை முடிவு செய்வது யார்? நீங்கள் இல்லை.

ஆப்பிள் தன் முதல் வாட்ச்சை 2015 ஏப்ரலில் விற்பனைக்கு விட்டபோது, 18 காரட் தங்கத்திலும் ஒரு வகை வந்தது. அமெரிக்காவில் விலை 10,000 டாலரில் ஆரம்பித்து 17,000 டாலர் வரை. 2018-ல் வெளிவந்த புதிய மென்பொருள் அந்த முதல் தலைமுறை வாட்ச் எதிலும் ஏறவில்லை, தங்கத்தில் செய்ததிலும்தான். மேலே இருந்த தங்கம் தங்கமாகவே இருந்தது. உள்ளே இருந்தது மூன்றே வருஷத்தில் மூப்படைந்துவிட்டது.

பெப்பிள் கதை இன்னொரு தினுசு. 2012-ல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பொதுமக்களிடமே 1 கோடி டாலருக்கு மேல் திரட்டிய வாட்ச் அது. 2016 கடைசியில் கம்பெனி கடையைக் கட்ட, அதன் மென்பொருள் சொத்துகள் ஃபிட்பிட்டுக்குப் போயின. 2018-ல் சேவைகளும் நின்றன. ரசிகர்கள் சிலர் தாங்களே கூடி அந்த வாட்ச்சுகளை ஓடவைத்தார்கள் என்பது வேறு விஷயம். (2025-ல் அதை ஆரம்பித்தவரே மறுபடி அதே மாதிரி வாட்ச்சுகளோடு களத்தில் இறங்கிவிட்டார்.)

ஆக, நாம் வாங்குவது பொருளையா? இல்லை, சில வருஷக் குத்தகையை. குத்தகை என்று தெரிந்துகொண்டால் கணக்கு சுலபம். விலையை மூன்றால் வகுங்கள். 24,000 ரூபாய் வாட்ச் என்றால் வருஷத்துக்கு 8,000. மாசம் 667 ரூபாய் வாடகை கொடுக்கும் அளவுக்கு அது உங்களுக்கு உழைக்குமா? உழைக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள். ‘எக்ஸ்சேஞ்ச்ல நாலாயிரம் குறைக்கிறான் சார்’ என்பதை மட்டும் லாபத்தில் எழுதாதீர்கள். வேண்டாத பொருளைத் தள்ளுபடியில் வாங்கியதை வரவு வைக்க எந்தப் பேரேட்டிலும் பக்கம் கிடையாது.

மேல் மாடலுக்குப் போகத் துடிப்பவர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. புது மாடல் விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முந்தின நாள், உங்கள் வாட்ச் மீது உங்களுக்கு என்ன புகார் இருந்தது? ஒரு தாளில் எழுதுங்கள். ‘மத்தியானத்துக்குள்ள சார்ஜ் தீர்ந்துடுது’, ‘வெயில்ல திரை தெரியலை’ என்று எழுத முடிந்தால் அது உங்கள் தேவை. தாள் வெள்ளையாகவே இருந்தால் அது அவர்களுடைய தேவை.

கிரேக்க நாட்டு எபிகூரஸ் இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஆசைகளை மூன்று வரிசையாகப் பிரித்தார். இயற்கையானது, அவசியமானது, இயற்கையானது, ஆனால் அவசியமில்லாதது, இரண்டும் இல்லாதது. சோறு முதல் வரிசை. விருந்துச் சாப்பாடு இரண்டாவது. ஊரார் வாயைப் பிளக்க வேண்டும் என்கிற ஆசை மூன்றாவது. ஸ்மார்ட்வாட்ச்சின் சாமர்த்தியம் என்னவென்றால், மூன்றாவது வரிசையில் நிற்க வேண்டியது, ‘ஆரோக்கியம்’ என்று ஒரு சீட்டைக் காட்டி முதல் வரிசைக்கு வந்துவிடுகிறது. ஃபேன்ஸி பொருளுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடலாம். இதயத்துடிப்புக்கு எப்படிச் சொல்வது?

அந்தச் சீட்டை வாங்கிக் கொஞ்சம் படித்துப் பார்ப்போம்.

முதலில் பத்தாயிரம் அடி. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு வைத்த பெயரின் அர்த்தமே ‘பத்தாயிரம் அடி மானி’. டாக்டர் எழுதிய சீட்டு இல்லை, கடைக்காரர் வைத்த பெயர். அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களை ஆராய்ந்து 2019-ல் வெளியான முடிவின்படி, நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் 2,700 அடிக்காரர்களைவிடக் குறைவு. 7,500 அடிக்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. 9,200-ல் நின்று, மீதி 800-க்காக ராத்திரி பதினோரு மணிக்கு ஹாலில் சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் கவனிக்கவும்.

அடுத்து தூக்கம். வாட்ச் கொடுக்கும் தூக்க மார்க்கைப் பார்த்துக் கவலைப்பட்டே தூக்கத்தைத் தொலைக்கிறவர்களைப் பற்றி 2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்கு ‘ஆர்த்தோசோம்னியா’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். காலையில் எழுந்து, ‘நல்லா தூங்கினேனா?’ என்று மணிக்கட்டைக் கேட்கும் மனிதரை நினைத்துப் பாருங்கள்!

சர்க்கரை விஷயம் இன்னும் அபாயம். இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வு மதிப்பிட்டது. குத்தாமலே சர்க்கரை அளவு சொல்லும் என்று விற்கப்படும் வாட்ச்சுகளையும் மோதிரங்களையும் நம்பாதீர்கள் என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. தப்பான எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் எல்லாமே ஏமாற்றா? இல்லை. ஆப்பிள் வாட்ச்சை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. 4 லட்சத்து 19 ஆயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்தார்கள். நாடித்துடிப்பு ஒழுங்கில்லை என்று எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு. அவர்களில் மார்பில் இ.சி.ஜி. பட்டை ஒட்டிச் சோதித்துத் திருப்பி அனுப்பியவர்கள் 450 பேர். அந்த 450 பேரில் 34 சதவீதத்தினருக்கு, பக்கவாதத்தில் கொண்டுபோய் விடக்கூடிய அந்தத் துடிப்புக் கோளாறு சோதனையில் தெரிந்தது. மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்று ஆகாது. வந்து வந்து போகிற கோளாறு அது. அப்படித் தெரியவந்தவர்களுக்கு அந்த வாட்ச் நிஜமாகவே உபகாரம் செய்திருக்கிறது.

ஆனால், கவனியுங்கள். அந்த உபகாரம் எப்போது முழுமையாகும்? எச்சரிக்கை வந்தவர் டாக்டரிடம் போனால்தான். போகாதவருக்கு அது வெறும் கிலி. அறிவது எப்போதுமே நல்லதுதானா என்றால், என் பதில் இது: அறிந்ததை வைத்து எதையாவது செய்யப் போகிறோம் என்றால் நல்லது. செய்யப் போவதில்லை என்றால், காசு கொடுத்துக் கவலை வாங்குகிறோம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று உங்கள் உடம்பு ரெண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்காதவர் வாட்ச் சொன்னால் கேட்பாரா?

இதுவரை பேசியது நமக்காக வாங்குவது. இன்னொருவருக்காக வாங்கும்போதுதான் விஷயம் கனமாகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் பாஸ்டனில் இருக்கிறார். அம்மா மாயவரத்தில் தனியாக. வயது 76. கீழே விழுந்தால் கண்டுபிடித்து, ஒரு நிமிஷம் அசையாமல் கிடந்தால் அவசர எண்ணுக்கு அழைத்து, வேண்டியவர்களுக்கும் தகவல் அனுப்பும் வாட்ச் ஒன்றை லீவில் வந்தபோது வாங்கி வந்தார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னத்துக்குடா? நான் எப்ப எந்திரிக்கிறேன், எப்ப தூங்குறேன்னு அங்கேருந்து பாத்துட்டு இருப்பியா?”

“இல்லம்மா, நீ விழுந்தா எனக்குத் தெரியும்ல?”

“தெரிஞ்சு? பாஸ்டன்லேருந்து ஓடி வந்து தூக்குவியா?”

ஒரு அம்மாவால்தான் இப்படிக் கேட்க முடியும். மகனுக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசனை வந்தது. வாட்ச் கத்தினால் முதலில் வரப்போவது யார்? எதிர்வீட்டுக்காரர். அவரிடம் வீட்டுச் சாவி இருக்கிறதா? இல்லை. தினமும் சார்ஜ் போட வேண்டிய வாட்ச், அம்மா ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது எங்கே இருக்கும்? சார்ஜரில். அந்த பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்கிறதா? அதுவும் இல்லை.

லீவு முடிவதற்குள் கம்பி பொருத்தினார். வழுக்காத மிதியடி, ராத்திரி விளக்கு. எதிர்வீட்டில் ஒரு சாவி. அம்மா டி.வி. பார்க்கும் சாயங்கால நேரத்தில் வாட்ச்சுக்கு சார்ஜ். கடைசியில் அம்மாவும் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. “விழுந்தா மட்டும் சொல்லட்டும். நான் நிக்கிறது, நடக்கிறதெல்லாம் உனக்குச் சொல்ல வேணாம். அதெல்லாம் நீ போன் பண்ணு, நானே சொல்றேன்.”

இந்தக் கேள்வியைப் பற்றி நான் கேட்டதிலேயே நியாயமான தீர்ப்பு அந்த அம்மா சொன்னதுதான். கவனித்துக்கொள்வது வேறு, கண்காணிப்பது வேறு என்று ஒரே வரியில் பிரித்துவிட்டார். வாட்ச்மேன் என்றால் காவல்காரர். காவல்காரர் சத்தம் போடலாம். ஓடி வருவதற்கு மனுஷர் வேண்டும். வாட்ச்சை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறவர், காவலுக்கு ஆள் வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போனவர் மாதிரிதான்.

ஆகவே வாங்குங்கள், வாங்காதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. பட்டனை அமுக்கும் முன் மூன்று கேள்விகள். இது எந்த வேலையைச் செய்யவில்லை என்று பழசின் மேல் எனக்குப் புகார்? இது சொல்லப்போகும் எண்ணை வைத்து நான் என்ன செய்வேன்? இது கத்தினால் யார் வருவார்கள்?

மூன்றுக்கும் பதில் இருந்தால் எந்த மாடல் வாங்கினாலும் சரி. பதில் இல்லையென்றால் அந்தப் பணம் இன்னும் கொஞ்ச நாள் பாங்கிலேயே இருக்கட்டும். அவசரம் ஒன்றுமில்லை. அதற்குள் அடுத்த மாடல் வந்துவிடும்!