பலிபீடமும் பதிவேடும்

மனச்சாட்சி பெரிதா, கடமை பெரிதா என்னும் வினா பழையது. ஏடெழுதிப் பிழைக்கும் கிராணிமாரையும் அவ்வினா விட்டுவைப்பதில்லை. ஐக்கிய அமெரிக்க நாட்டில் 2015ஆம் ஆண்டில் எழுந்த ஒரு வழக்கு இதனை நன்கு விளக்கும்.

அவ்வாண்டு ஜூன் 26ஆம் நாள், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் விவாகம் செய்துகொள்ளும் உரிமையுடையவரே என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நீதிபதிகள் 9 பேரில் ஐவர் இசைந்தனர், நால்வர் மறுத்தனர். கென்டக்கி மாநிலத்து ரோவன் ஜில்லாவில் விவாக லைசென்சு வழங்கும் பதவியிலிருந்த அம்மையார் ஒருவர், இது தம் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு விரோதமெனக் கருதி, எவருக்குமே லைசென்சு தர மறுத்தார். நியாயாதிபதி உத்தரவிட்டும் இணங்கவில்லை. ஆகவே 5 நாள் சிறையில் வைக்கப்பட்டார்.

அவருடைய பக்தியை எள்ளுதல் நம் நோக்கமன்று. நம்பிக்கையின் பொருட்டுச் சிறை புகும் துணிவு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் ஒன்று கேட்போம்: அவர் கையிலிருந்த முத்திரை யார் தந்தது? திருச்சபையா, குடிமக்களா?

அந்நாட்டு அரசியல் சட்டத்துக்கு 1791இல் செய்யப்பட்ட முதல் திருத்தம், அரசாங்கம் எம்மதத்தையும் நிலைநாட்டலாகாது என்கிறது. எம்மதத்தாரின் வழிபாட்டையும் தடுக்கலாகாது என்றும் கூறுகிறது. ஆதலின் இத்தகைய மணத்தை நடத்திவைக்குமாறு எந்தப் பாதிரியாரையும் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு கட்டாயப்படுத்தவில்லை. பலிபீடம் சபையாருக்கு உரியது. பதிவேடு எல்லோருக்கும் உரியது.

அங்ஙனமாயின் உத்தியோகஸ்தரின் மனச்சாட்சிக்கு வழியே இல்லையா? உண்டு. லைசென்சில் அவர் பெயரே இராதவாறு கென்டக்கி சட்டசபை 2016இல் சட்டத்தை மாற்றியது. ஒதுங்கி நிற்க ஒருவருக்கு உரிமையுண்டு. வாயிலை அடைத்து நிற்க உரிமையில்லை.

‘அது வெள்ளையர் நாட்டு விவகாரம், நமக்கென்ன?’ என்பாருக்கு ஒரு சொல். புரோகிதரும் சடங்கும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை ஹைகோர்ட்டு 1953இல் கூறியது. அண்ணாதுரை அவர்களின் அரசாங்கம் 1967இல் கொணர்ந்த சட்டத் திருத்தமே அத்தம்பதிகளின் மனக்குறையைத் தீர்த்தது. மந்திரமில்லா மணத்துக்கும் ஏட்டில் இடம் வேண்டும் என்று வாதாடியவர்கள் நாம். நம் மனம் ஒப்பாத மணம் ஒன்று வரும்போது மட்டும், அவ்வேட்டின் சாவியை மீண்டும் மதத்தின் கையில் கொடுப்பது நியாயமாகுமா?